சதுரச் சாவி

அந்த நாலு மாடிக் கட்டடத்தில் அவளுக்கு ட்ரில் அக்கா என்று பெயர். வைத்தவன் வேறு யாருமில்லை, அவள் புருஷனேதான்.

அவளுக்கு ஒரு ஓட்டலில் அறை சுத்தம் செய்யும் வேலை. ஒரு நாளைக்குப் பதினாலு அறை. மெத்தை விரிப்பில் ஒரு சுருக்கம் இருந்தாலும் மேற்பார்வை அம்மாள் உருவிப் போட்டு மறுபடி விரிக்கச் சொல்வாள். வருஷத்துக்கு இரண்டு முறை அங்கே தீ, வெள்ளம் வந்தால் என்ன செய்வது என்று 'ட்ரில்', அதாவது ஒத்திகை, நடக்கும். மணி அடித்ததும் கையிலிருப்பதைப் போட்டுவிட்டுப் படிக்கட்டு வழியாக இறங்கி, வண்டி நிறுத்தும் இடத்தில் வரிசையாக நிற்க வேண்டும். மற்றவர்களுக்கு அது உட்காராமல் கிடைத்த ஓய்வு. ஊர்க்கதை பேசித் தீர்ப்பார்கள். இவள் மட்டும் சொன்னதையெல்லாம் காதில் வாங்கி, மனசில் முடிந்துகொண்டு வருவாள். அப்படி வந்த ஒரு நாளில்தான் படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் ஒரு தாளை ஒட்டினாள். தண்ணீர், டார்ச், மாமாவின் மருந்து, வீட்டுப் பத்திரங்கள், பிஸ்கட், சிலிண்டர் என்று வரிசையாக எழுதி, பக்கத்தில் மாதத்துக்கு ஒரு கட்டம் போட்டாள். அடியில், உடனே கூப்பிட வேண்டியவர்களின் போன் நம்பர்கள்.

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை அந்த வீட்டில் ஒத்திகை. புருஷன் பிளம்பர், வாய் சும்மா இருக்காது.

"மேடம், இன்னிக்கு தீயா, வெள்ளமா? முன்னாடியே சொல்லிட்டா அதுக்கேத்த சட்டையா பாத்து போட்டுக்குவேன்."

"நீங்க சட்டையே போட வேணாம். அந்த டார்ச்சை எடுத்துட்டு வாங்க, போதும்."

இதற்கு முழு மனசோடு ஒத்துழைத்தவர் மாமனார் ஒருவர்தான். முப்பத்தோரு வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். ரோட்டுத் தூசியும் டீசல் புகையும் அவருடைய நுரையீரலில் பாதியைத் தின்றுவிட்டன. இரண்டு வருஷமாகக் கட்டிலோரத்தில் ஒரு மிஷின் ஓடுகிறது. அறைக் காற்றை இழுத்து, அதிலிருந்து பிராணவாயுவைப் பிரித்து, மெல்லிய குழாய் வழியாக அவர் மூக்குக்குக் கொடுக்கும். கரண்ட் இருக்கும்வரை அந்த மிஷின்தான் அவருக்கு மூச்சு. கரண்ட் போனால் சமாளிக்க, கட்டிலுக்கு அடியில் இடுப்பளவு உயரத்தில் ஒரு சிலிண்டர் படுத்துக் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவள் தாளைப் பார்த்து ஒவ்வொன்றாகப் படிப்பாள். கண்டக்டர் தலையணையில் சாய்ந்தபடி, மூச்சுக்கு மூச்சு நிறுத்தி, ஆனால் விட்டுக்கொடுக்காமல் பதில் சொல்வார்.

"சிலிண்டர்?"

"இருக்கு."

"சரி மாமா."

"ரைட். போலாம்!"

ஒன்பது மாதம் இப்படி ஒன்பது டிக் விழுந்தது. சிலிண்டரைத் திறந்து பார்த்ததில்லை. திறந்தால் காற்று வீணாகும் என்று ஒரு சிக்கனம். அதன் தலையில் சதுரமான ஒரு தண்டு நீட்டிக்கொண்டிருக்கும். அதைத் திருப்ப, சதுர ஓட்டை வைத்த இரும்புச் சாவி ஒன்று உண்டு. கொண்டுவந்து போட்ட கடைக்காரர் அதை ஒரு கயிற்றில் கோத்து சிலிண்டர் கழுத்திலேயே கட்டிவிட்டுப் போயிருந்தார். கட்டியிருப்பது எங்கே போய்விடும் என்று அவளும் சாவியைத் தாளில் தனியாக எழுதவில்லை. பதினாலு அறையில் ஒரு தலையணை உறை குறைந்தாலும் கண்டுபிடிக்கிறவள்தான். என்ன செய்ய, கண் என்பது பார்த்துப் பழகியதைப் பார்ப்பதை விட்டுவிடுகிறது.

மழை வருகிறது என்று மூன்று நாளாகவே வானொலியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். முந்தின நாள் சாயங்காலமே அவள் குடம், வாளி, குக்கர் முதற்கொண்டு எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்தாள். இருந்த பன்னிரண்டு முட்டையையும் ஒரு கூடை உருளைக்கிழங்கையும் வேகவைத்தாள். போன்களை சார்ஜில் போட்டாள். ஓட்டலுக்கு லீவு சொன்னாள். விடிகிற நேரத்தில் பிளம்பருக்கு அழைப்பு வந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய குடியிருப்பில் மோட்டார் அறைக்குள் தண்ணீர் புகுந்துவிட்டதாம்.

"இந்த மழையில போகணுமாங்க?"

"இந்த மழையிலதான் கூப்பிடுவாங்க. வெயில் காலத்துல என்னை எவன் தேடுறான்?" என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டான். "நீதான் இருக்கியே. உன் தாள் இருக்கு. அப்பாவுக்கு என்ன கவலை?"

கேலியாகத்தான் சொன்னான். ஆனாலும் அவளுக்கு அது பிடித்திருந்தது.

பத்தே முக்காலுக்குக் கரண்ட் போனது. வீட்டில் சின்ன இன்வெர்ட்டர் ஒன்று இருந்தது. மிஷினை ஒரு மணி நேரம் இழுக்கும். அவள் பதறவில்லை. மாமனாருக்கு முட்டை உரித்துக் கொடுத்தாள். கீழே தெருவில் தண்ணீர் முழங்காலைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. யாருடைய பிளாஸ்டிக் நாற்காலியோ கால் மேலே தெரிய மிதந்து போனது.

"பாருமா, ஒருத்தன் டிக்கெட் எடுக்காமப் போறான்" என்றார் கண்டக்டர்.

இன்வெர்ட்டர் கீச்சிட ஆரம்பித்ததும் அவள் சிலிண்டரை இழுத்து நிமிர்த்தினாள். கழுத்தில் கயிறு இருந்தது. சாவி இல்லை. கயிற்றின் நுனி நறுக்கென்று கத்தியால் அறுபட்டிருந்தது.

கட்டிலுக்கு அடியில் தடவினாள். மெத்தையைப் புரட்டினாள். ஆனால் கயிற்றைப் பார்த்த அந்த நொடியிலேயே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. பிளம்பரின் வீட்டில் சும்மா கிடக்கிற இரும்பு எதுவும் தங்காது. எல்லாம் அவன் பைக்குள் போய்ச் சேரும். இரண்டு வாரத்துக்கு முன்னால் சோறு சாப்பிடும்போது அவனே சொன்னான்: "ஒரு பழைய டாங்க் வால்வு, சதுரத் தலை. எந்த ஸ்பேனரும் சேரல. கடைசில வீட்லயே ஒண்ணு கிடைச்சுது, கச்சிதமா உக்காந்துச்சு." அவளும் "நல்லதாப் போச்சு" என்று சொல்லி இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள். இப்போது அந்தச் சாவி ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது.

போனில் சிக்னல் இல்லை. பிளம்பர் வீட்டில் ஒரு குறடு மட்டும் மிச்சம் இருந்தது. அதைக் கொண்டு தண்டைப் பிடித்துத் திருகினாள். வழுக்கியது. தையல் மிஷின் எண்ணெயை நாலு சொட்டு விட்டுப் பார்த்தாள். இன்னும் வழுக்கியது. தண்டின் முனைதான் மழுங்கியது. பின்னால் மிஷின் ஒரு பெருமூச்சு விட்டு நின்றது.

ரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு என்று காட்ட மாமனாரின் விரலில் மாட்டியிருந்த கருவியில் தொண்ணூற்று மூன்று என்று இருந்த எண், எண்பத்தெட்டு ஆனது. சற்று நேரத்தில் எண்பத்து நாலு. அவர் இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி முன்னால் குனிந்து உட்கார்ந்துகொண்டார். தோள்பட்டை ஏறி ஏறி இறங்கியது.

"மாமா, மெதுவா... மெதுவா இழுங்க."

"பதறாத மா" என்றார் இரண்டு மூச்சுக்கு நடுவில். "இப்ப... ஸ்டாப்பிங்லதான் நிக்கிறேன். இன்னும் ஏறல."

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தாளில் நம்பர்கள் இருந்தன, சிக்னல்தான் இல்லை. அந்தத் தாளில், நடந்து போய்க் கதவைத் தட்டக்கூடிய தூரத்தில், இரும்பு வேலை தெரிந்தவர் ஒரே ஒருவர் இருந்தார். அந்தப் பெயரை அவளே பேனாவால் அடித்திருந்தாள்.

நேர் கீழ்வீடு வெல்டர் வீடு. எட்டு மாதமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. காரணம் இந்த வீட்டுக் குளியலறை. அதன் தரையில் எங்கோ ஒரு கசிவு, அது வெல்டர் வீட்டுக் கூரையில் சொட்டுகிறது. பிளம்பர் வீட்டுக் கசிவு! வெல்டரின் மனைவி நாலு முறை வந்து சொன்னாள். இவன் நாலு முறையும் "நாளைக்கு" என்றான். ஐந்தாவது முறை வெல்டரே படிக்கட்டில் மறித்து, "ஊர்க் குழாயெல்லாம் அடைக்கிற, சொந்த வீட்டு ஓட்டை தெரியலையா?" என்று கேட்டுவிட்டார். உண்மையைச் சொன்னால் யாருக்குக் கோபம் வராது? இவனும் ஏதோ சொன்னான். அதோடு சரி, வழியில் பார்த்தாலும் இரண்டு பக்கமும் முகம் திரும்பிக்கொள்ளும்.

"மாமா, ரெண்டே நிமிஷம். இதோ வந்துடறேன்."

செருப்பில்லாமல் இறங்கி ஓடினாள். கதவைத் திறந்தது வெல்டரின் மனைவி. இவளைப் பார்த்ததும் அந்த முகம் இறுகியது. இவள் கையில் குறடு இருந்ததைப் பார்த்துக் கொஞ்சம் பின்வாங்கவும் செய்தாள்.

"அக்கா, மாமாவுக்கு மூச்சு... சிலிண்டர் இருக்கு, சாவி இல்ல. அண்ணன் இருக்காரா?"

வேறு ஒரு வார்த்தையும் அவள் கேட்கவில்லை. "ஏங்க!" என்று உள்ளே திரும்பிக் கத்தினாள். "மேல பெரியவருக்கு மூச்சு வாங்குதாம், எழுந்து வாங்க!"

அந்த வீட்டுக் கூடத்தில் கால் வைக்க இடமில்லை. மழை அறிவிப்பைக் கேட்டு வெல்டர் தன் பட்டறைச் சாமான் மொத்தத்தையும் முந்தின நாளே மேலே ஏற்றியிருந்தார். கட்டிலின் மேல் ஜெனரேட்டர், மேஜை மேல் கேபிள் சுருள்கள், நாற்காலியில் முகமூடி. ஒரு மூலையில் வாளி வைத்திருந்தது. அதற்கு நேர் மேலே கூரையில் பழுப்பாக ஒரு வட்டம். அதிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. எட்டு மாதத்தில் அவள் அதை இன்றுதான் கண்ணால் பார்க்கிறாள். கூச்சத்தில் உடம்பு சுருங்கிப் போனது.

வெல்டர் கைலியை இறுக்கிக்கொண்டே வந்தார். "தலை சதுரமா? எவ்வளவு பெருசு?"

அவள் சுண்டுவிரல் நகத்தைக் காட்டினாள். அவர் ஆணியில் தொங்கிய பட்டறை சிலிண்டர்களின் சாவிக்கொத்தை அப்படியே உருவிக்கொண்டு, இரண்டு இரண்டு படியாகத் தாவினார்.

மேலே கருவியில் எண்பது. கண்டக்டரின் உதடு நீலம் பாரித்திருந்தது. வெல்டர் சிலிண்டர் பக்கம் குனிந்தவர் சட்டென்று நிமிர்ந்தார்.

"எண்ணெய் போட்டது யாரு?"

"நான்தாண்ணே. வழுக்குச்சேன்னு..."

"ஐயோ தங்கச்சி, ஆக்சிஜன் பக்கத்துல எண்ணெயே ஆகாது, குப்புன்னு தீ பிடிச்சுக்கும். நல்ல வேளை, தெறக்கல. சுத்தமான துணி ஒண்ணு குடு. பெரியவரைக் கட்டிலோட அந்தப் பக்கம் தள்ளுங்க. அடுப்பு எரியுதா?"

"இல்லண்ணே."

துணி என்றால் அவளுக்குச் சொல்லித்தர வேண்டுமா? வெளுத்து மடித்த பருத்தித் துண்டு மூன்று வந்தது. அவர் தண்டை அழுத்தித் துடைத்தார், சோப்புத் தண்ணீரில் நனைத்துத் துடைத்தார், மறுபடி காயத் துடைத்தார். அவளுக்கு ஒவ்வொரு துடைப்பும் ஒரு யுகமாகப் போனது. மழுங்கிய முனையில் முதல் சாவி சுற்றியது. இரண்டாவது சேரவில்லை. மூன்றாவது சாவி உட்கார்ந்தது. முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு, குழந்தையின் மூடிய கையைப் பிரிப்பதுபோல அவ்வளவு மெதுவாகத் திருப்பினார்.

உஸ்ஸென்று ஒரு சத்தம் வந்தது. காற்றின் அளவைக் காட்டும் கண்ணாடிக் குழலுக்குள் சின்ன உருண்டை எழும்பி, இரண்டு என்ற கோட்டில் நின்றது. அவள் குழாயை மாற்றி மாமனாரின் மூக்கில் வைத்தாள். எண்பத்திரண்டு. எண்பத்தாறு. வாசலில் வந்து நின்ற வெல்டரின் மனைவி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். தொண்ணூறு வந்தபோது கண்டக்டர் கண்ணைத் திறந்து வெல்டரைப் பார்த்தார்.

"கீழ்வீட்டுத் தம்பியா?"

"ஆமாங்கய்யா."

"உக்காருப்பா. சீட்டு... காலியாத்தான் இருக்கு."

அவள் சுவரில் சாய்ந்து நின்றபடி அழுதுவிட்டாள். "அண்ணே, எங்க வீட்டுத் தண்ணி உங்க தலையில சொட்டுது. நான் ஒரு நாள் எறங்கி வந்து பாக்கல. நீங்க ஓடி வந்தீங்க."

"அது கெடக்கு விடு" என்றாள் வெல்டரின் மனைவி. "வாளி வச்சிருக்கோம்ல. பெரியவருக்கு வாளி வைக்க முடியுமா?"

சிலிண்டரில் இருக்கிறது ராத்திரி வரை தாங்கும், அதற்கு மேல் தாங்காது. கரண்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வெல்டர் தாடையைச் சொறிந்தார். "எங்கிட்ட ஜெனரேட்டர் இருக்கு. இந்த மிஷினுக்குத் தாராளமாப் போதும். இங்கயே படிக்கட்டு முக்குல வச்சு ஓட்டிடலாம்."

"அண்ணே, அது மட்டும் வேணாம்."

"ஏன், சத்தமா?"

"சத்தம் இல்லண்ணே, புகையில வர்ற விஷவாயு. கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. உள்ள வச்சா தூங்குற மாதிரியே ஆளை முடிச்சிடும். ஓட்டல்ல படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்காங்க. மொட்டை மாடில, நாலு பக்கமும் தொறந்த எடத்துலதான் வைக்கணும். ஒயரை மட்டும் ஜன்னல் வழியா எறக்கலாம்."

வெல்டர் நெற்றியில் தட்டிக்கொண்டார். "பட்டறை எப்பவும் தொறந்தே கெடக்குறதால எனக்கு இது தோணவே இல்ல. சரி, ட்ரில் அக்கா சொன்னா சரிதான்."

அந்தப் பட்டப்பெயரை அவர் வாயிலிருந்து கேட்க அன்று எவ்வளவு நன்றாக இருந்தது!

மூன்று பேருமாக அந்தப் பாரத்தை மாடிக்கு ஏற்றினார்கள். தண்ணீர்த் தொட்டியின் கால்களுக்கு நடுவே வைத்து, சாரல் அடிக்கிற பக்கம் ஒரு தகரத்தைச் சாய்த்துக் கட்டினார்கள். வெல்டர் ஒயரை இறக்கி, மீட்டர் வைத்துப் பார்த்து, தலையாட்டினார். பன்னிரண்டரை மணிக்குக் கட்டிலோரத்து மிஷின் மறுபடி முனக ஆரம்பித்தது. சிலிண்டரை மூடினார்கள். மூன்றாவது சாவியைக் கொத்திலிருந்து கழற்றி, அதே கயிற்றில் கட்டினார் வெல்டர்.

ஜெனரேட்டர் சத்தம் கேட்டதும் கட்டடம் முழுக்கத் தலை நீட்டியது. முதலில் எதிர்வீட்டு டீச்சர் வந்தாள், கையில் செத்துப்போன போனோடு. மகள் வெளியூரில் தவித்துக்கொண்டிருப்பாள், சிக்னல் வந்தால் ஒரு வார்த்தை பேச வேண்டும் என்றாள். அப்புறம் நாலாவது மாடிக்காரர்கள், அப்புறம் கீழ்த்தளத்தில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து மேலே ஏறி வந்தவர்கள். பெட்ரோல் தீர்ந்துவிடுமே என்று வெல்டர் சொன்னதும், அவரவர் தண்ணீரில் நிற்கும் வண்டியிலிருந்து ஒரு பாட்டில், அரைப் பாட்டில் என்று பிடித்துக்கொண்டு வந்தார்கள். வேகவைத்த முட்டையும் கிழங்கும் வந்தவர்களுக்குப் பங்காகப் போயின. டீச்சர் ரொட்டியும், வெல்டரின் மனைவி ஒரு குண்டான் சோறும் கொண்டுவந்தார்கள். வெல்டர் மீட்டர் பார்த்து, மிஷினோடு சேர்த்து நாலு போனுக்கு மேல் மாட்டக் கூடாது என்றார். வரிசையைப் பார்த்துக்கொள்கிற பொறுப்பைக் கண்டக்டர் தானாகவே எடுத்துக்கொண்டார். மூக்கில் குழாயோடு நிமிர்ந்து உட்கார்ந்து, ஆளுக்குப் பத்து நிமிஷம் என்று கணக்காக இறக்கி ஏற்றினார். இரண்டு வருஷத்தில் அந்த முகத்தில் இவ்வளவு களை அவள் பார்த்ததில்லை. அடுப்படியில் நின்று டீ போட்டுக்கொண்டே, கூடத்தில் இருந்த ஒவ்வொரு தலையையும் பார்த்து மனசுக்குள் நன்றி சொல்லிக்கொண்டாள். வாய்விட்டுச் சொன்னால் மறுபடி அழுகை வரும் என்று பயமாக இருந்தது.

மணி ஆறு இருக்கும். வெளிச்சம் மங்கிவிட்டது. வெல்டர் மாடியில் பெட்ரோல் ஊற்றப் போயிருந்தார். அவருக்கு டீ கொடுக்க டம்ளரோடு வெளியே வந்தவள் நின்றுவிட்டாள்.

படிக்கட்டில், வாசலுக்கு நாலு படி கீழே, அவள் புருஷன் உட்கார்ந்திருந்தான். நெஞ்சு வரை நனைந்திருந்தது. ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. பை பக்கத்தில் சரிந்து கிடந்தது. வலது கை எதையோ இறுக்கி மூடியிருந்தது. அவன் அவளைப் பார்க்கவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னங்க! எப்ப வந்தீங்க?"

அவன் பதில் சொல்லாமல் கேட்டான்: "எத்தனை மணிக்கு?"

கரண்டைத்தான் கேட்கிறான் என்று நினைத்து, "பத்தே முக்காலுக்கு" என்றாள்.

அவன் தலையைச் சுவரில் சாய்த்தான். "மத்தியானம்தான் பையோட அடி வரைக்கும் துழாவிப் பாத்தேன். கண்ணுல பட்டுச்சு. பாலத்தை அடைச்சுட்டான். சுத்திக்கிட்டு அடுத்த பாலத்துக்குப் போயி, ஓடியே வந்தேன்... அஞ்சு மணி நேரம்." மூடிய கை திறந்தது. உள்ளே அந்தச் சாவி. உள்ளங்கையில் அதன் தடம் சிவப்பாகப் பதிந்திருந்தது. "என்னைக் கேட்டாரா?"

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவன் பார்வை போன இடத்தைத் திரும்பிப் பார்த்தாள். வீட்டு வாசலில் செருப்புகள். பத்தா, இருபதா, படி வரைக்கும் ஒன்றின் மேல் ஒன்றாக. கதவு திறந்திருந்தது. உள்ளே மனிதர்களின் கசகசப்பு. ஒரு வீட்டு வாசலில் இத்தனை செருப்பு எப்போது கிடக்கும் என்று யோசித்ததும் அவளுக்கு விளங்கியது. ஐயோ, இந்த மனுஷன் எவ்வளவு நேரமாக இங்கே உட்கார்ந்திருக்கிறான்? சொல்ல வாயெடுத்தாள்.

அப்போது உள்ளேயிருந்து கேட்டது, மூச்சுக்கு மூச்சு நின்று, ஆனால் விட்டுக்கொடுக்காமல்:

"யோவ் நாலாவது மாடி... பத்து நிமிஷம் ஆச்சு. கழட்டு, கழட்டு. டீச்சரம்மா... முன்னால வாங்க. வழியில... நிக்காதீங்கப்பா!"

பிளம்பர் மெல்ல நிமிர்ந்தான்.

"அப்பாவா?"

"அவர்தான்" என்றாள். "மத்தியானத்துல இருந்து ஓயாம கத்திட்டிருக்காரு. எல்லாரும் போன் சார்ஜ் போட வந்திருக்காங்க. கீழ்வீட்டு அண்ணன்தான்... அவர் இல்லன்னா..."

அவள் முடிக்கவில்லை. அவன் எழுந்து ஒரு படி ஏறினான். மறுபடி உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். அவளும் செருப்புகளைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். காலையிலிருந்து அவள் உட்காருவது அதுதான் முதல் தடவை. கையிலிருந்த டீயை அவனிடம் கொடுத்தாள்.

"வாங்க, உள்ள போலாம். உங்களைப் பாத்தா சந்தோஷப்படுவாரு."

"போலாம்" என்று ஈரக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "இரு. இன்னொரு தடவை கத்தட்டும். கேட்டுட்டுப் போலாம்."